ரயில் ஊதியதும் ஏற்றிய பால்

அன்று மாலை ஆறு இருபதுக்கு எங்கள் வீட்டில் பால் தீய்ந்தது. இன்றும் அந்த வாசனை வந்தால், பேத்தி காலேஜிலிருந்து திரும்பும்வரை வாசலிலேயே நிற்கிறேன்.

நாற்பதுகளில், புறநகரான செம்பூரில் ரயில் ஊதியதும் வீட்டுக்கு வீடு பாலை அடுப்பில் ஏற்றுவார்கள். ஆபீஸ்காரர்கள் வயலைக் கடந்து வந்து சேர்வதற்குள் காபி தயாராகிவிடும். அன்று அப்பா மட்டும் வரவில்லை. அம்மா பாலை இறக்கவும் மறந்து, அக்கம்பக்கத்து வீடுகளில் காபி ஆற்றும் ஓசையைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

கடைசியில், தினமும் அப்பாவோடு அதே பெட்டியில் சீட்டாடும் பக்கத்து வீட்டு மாமா, தன் காபியைக் குடித்து முடித்துவிட்டு, அப்பாவின் குடையோடு வந்தார்.

"குர்லா ஸ்டேஷன் தாண்டினதும் உங்காத்துக்காரர் வண்டிலேர்ந்து விழுந்துட்டார், மாமி. சங்கிலியை இழுத்தா எல்லாருக்கும் லேட்டாயிடும், இல்லியா?"