ரிங்கில் மூன்றாவது மூச்சு

இது நடந்தது. ஹெட்போன் என் காதில் இருந்தது, என் அண்ணன் ரிங்கில் இருந்தான். 'கதை விடாதே' என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். எனக்கு இன்னும் கோபம் அடங்கவில்லை.

கானா நாட்டு அக்ராவில் எங்கள் பேட்டை புகோம். இங்கே பையன்கள் நடக்கப் பழகும்போதே குத்தவும் பழகிவிடுவார்கள். என் அண்ணன் ஒதார்ட்டே நன்றாகக் குத்துவான். ஆனால் ஒரு பிடிவாதம். எத்தனை அடி வாங்கி விழுந்தாலும் எழுந்துவிடுவான்.

குவார்ஷி என்று ஒருத்தன் எங்களைத் தேடி வந்தான். திருட்டுத்தனமாக நடக்கும் குத்துச்சண்டை பற்றிச் சின்ன பட்ஜெட்டில் படம் எடுக்கிறானாம். அண்ணன் ஹீரோ, நான் சவுண்டு. எல்லாம் பொய்க்குத்து, முகத்தில் கையே படாது என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தான்.

அது ஹோமோவோ திருவிழாவுக்கு முன்னால் வரும் தடை மாதம். எங்கள் கா இனத்துக்கு அப்போது சத்தம் போடத் தடை. மேளம் கூடாது, பாட்டு கூடாது, சாவு விழுந்தாலும் ஒப்பாரி கூடாது. அதனால் கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும், கூச்சலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றான் குவார்ஷி. ரவுண்டு மணிக்கும் துணி சுற்றினான். நானும் மண்டையை ஆட்டினேன்.

பொழுது சாயும் நேரம். கடலோரம் ஒரு பழைய மீன் கிடங்கு. ரிங்கில் இரண்டே பேர், அண்ணனும் பக்கத்து ஊர் டெமாவிலிருந்து வந்த ஒரு தடியனும். நடுவர் வரும் காட்சியைத் தனியாக எடுத்துக்கொள்வார்களாம். சுற்றிலும் அத்தனை பேரும் வாயைப் பிளந்து, சத்தமே இல்லாமல் கத்திக்கொண்டிருந்தார்கள்.

ஹெட்போனில் மூச்சு கேட்டது. அண்ணனுடையது எனக்குத் தெரியும். தடியனுடையது கனமானது.

இன்னொன்றும் கேட்டது.

ஈரமான மூச்சு. தொண்டையில் தண்ணீர் தேங்கியதுபோல... கர்ர்... கர்ர்... மைக்கைத் திருப்பினேன். அண்ணன் நகர்ந்த பக்கமெல்லாம் அதுவும் நகர்ந்தது.

தடியன் குத்தினான். டொக். பஞ்சு வைத்த கையுறையின் சத்தம் அதுவல்ல. எலும்பு மேல் எலும்பு. அண்ணன் புருவம் பிளந்தது. கையுறைக்குள் இருந்த பஞ்சையே உருவியிருக்கிறார்கள். கேமராவைப் பார்த்தேன். அது ஓடவே இல்லை. அதன் மேல் கட்டியிருந்த போன்தான் ஓடியது, திரையில் பந்தயத் தொகை ஏறிக்கொண்டே இருந்தது. எங்கிருந்தோ யார் யாரோ அதைப் பார்த்துப் பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள். படமாவது மண்ணாவது.

அண்ணன் விழுந்தான்.

"எந்திரிடா ஹீரோ," என்று குவார்ஷி கிசுகிசுத்தான். "ஷாட்டு வீணாப் போவுதுல்ல."

அண்ணன் முட்டியை ஊன்றினான்.

என் காதுக்குள் யாரோ பேசினார்கள்.

"எந்திரிக்காதண்ணே..."

அண்ணன் மல்லாக்கச் சாய்ந்தான். யாரோ பிடித்து அழுத்தியதுபோல.

"எந்திரிக்காத..."

கர்ர்...

அவன் எழவே இல்லை.

ஹெட்போனை வீசிவிட்டு குவார்ஷியின் சட்டையைப் பிடித்தேன். அவன் ஆட்கள் என்னைப் பிய்த்தெறிந்தார்கள். அண்ணனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன்.

மண்டைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, இன்னும் ஒரு குத்து விழுந்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். கண் விழித்ததும் அண்ணன் என்னைத்தான் திட்டினான்.

"ஏன்டா என் மேல ஏறிப் படுத்த? எந்திரிச்சிருப்பேன்ல."

நான் ரிங்குக்கு உள்ளேயே வரவில்லை என்றேன்.

"அப்ப யாருடா அது? ஐஸாட்டம் சில்லுனு கெடந்தான்."

விஷயம் கேள்விப்பட்டு, கென்கே என்னும் சோள உருண்டை விற்கும் நா கோர்லே எங்களைப் பார்க்க வந்தாள். போன வருடம் இதே தடை மாதம், இதே கிடங்கு. அவள் மகன் அமார்ட்டேயும் குவார்ஷிக்கு 'ஹீரோ'தான். விழுந்தவனை எழு எழு என்று எழுப்பி, மறுபடியும் அடிக்கவிட்டிருக்கிறார்கள். செத்த பிள்ளைக்கு வாய்விட்டு அழக்கூட வழியில்லாமல் துணியைக் கடித்துக்கொண்டு கிடந்தாளாம். அதற்காகத்தான் அந்த நாய் இந்த மாதமாகப் பார்த்து வருகிறான். செத்தாலும் ஊருக்குக் கேட்காது.

ஹெட்போனில் கேட்டதை அவளிடம் சொன்னேன். அந்தக் குரல் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"எம்புள்ளைக்கு மொதக் குத்துலயே தாடை நொறுங்கிப்போச்சுப்பா," என்றாள். "சாகுற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. இப்பத்தான் பேசியிருக்கான்."