கடைசிப் பத்து இலக்கங்கள்

அலைப்பலகையில் தேய்க்கும் மெழுகுக்குத் தேங்காய் பர்பி வாசனை. எங்காவது இனிப்புக் கடையில் அது மணந்தால் போதும், மாமல்லபுரத்து மணல் என் விரலிடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அக்காவின் குரலும் கூடவே.

நண்பன் கடற்கரையில் அலைச்சறுக்கு சொல்லித்தருகிறான். அவனுடைய பதிவுப் படிவத்தை இணையத்தில் செய்துகொடுத்தவன் நான். நாவலூர் மென்பொருள் கம்பெனியில் பகலெல்லாம் பார்க்கும் வேலைதான். ஒரு நாள் பலகை இடித்து ஒருவர் மயங்கிவிட, அவர் தந்திருந்த அவசர எண்ணுக்கு நண்பன் அழைத்திருக்கிறான். கரையில் கிடந்த அவருடைய பைக்குள்ளிருந்தே போன் பாடியிருக்கிறது. இரண்டு கட்டத்திலும் தன் எண்ணையே போட்டிருக்கிறார் மனிதர்.

அன்று ஒரு விதி எழுதினேன்: அவசர எண், சொந்த எண்ணாக இருந்தால் படிவம் நகராது. முன்னால் பூஜ்யம் போட்டு, இடைவெளி விட்டு, +91 சேர்த்து ஏமாற்றப் பார்ப்பார்கள். எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு, கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் ஒப்பிட வைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு எனக்கே கடலாசை வந்தது. நடுவயது ஆசை கேட்டுக்கொண்டா வருகிறது? பலகைக்கு மெழுகு தேய்த்துவிட்டுப் படிவத்தை நிரப்பினேன். தனியாக வாழ்கிறவன் விரல். இரண்டு கட்டத்திலும் ஒரே எண்ணை அடித்தது. சிவப்பு எழுத்து. பூஜ்யம் போட்டேன். இடைவெளி விட்டேன். ம்ஹூம். நான் எழுதிய விதி என்னை நன்றாக அறிந்துவைத்திருந்தது.

எட்டிப் பார்த்த நண்பன் கேட்டான்: "நீ கடல்ல முயுகிட்டா உனுக்கே போன் போட்டு, உன்ன காணோம்னு சொல்லணுமா மச்சான்?"

உன் எண்ணைப் போடட்டுமா என்றேன். அவனும் என்னோடு தண்ணீரில்தான் இருப்பானாம். அவன் போன் கரையில் தொப்பிக்குள் கிடக்குமாம். எண் இல்லாவிட்டால் கடலும் இல்லை என்று பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

மிச்சமிருந்தது செங்கல்பட்டு அக்கா. தண்டவாளத்தை ஒட்டிய கொளவாய் ஏரி வந்தாலே, தண்ணீருக்குப் பயந்து ரயில் ஜன்னலை மூடச் சொல்கிறவள். அழைத்து விஷயத்தைச் சொன்னேன். பதிலுக்கு அவள் வீட்டுக் குக்கர்தான் விசிலடித்தது. போன வாரம் இடுப்புக்குத் தைலம் கேட்டவனுக்கு இப்போது அலை கேட்கிறதா என்றாள். ஊரில் வேறு யார் எண்ணும் கிடைக்கவில்லையா என்றாள். உன்னை விட்டால் போடுவதற்கு ஆள் இல்லை அக்கா என்றேன்.

இன்னொரு விசில்.

"போட்டுக்கடா. ஆனா அவுங்க யாரும் எனுக்குப் போன் போடக் கூடாது. கரையேறி நீதான் போடணும். இன்னா?"