பதினொரு அண்ணன் தம்பிமாரும் ஒரு காய்ச்சலும்

சொந்தக்காரரிடம் அவரவர் நோய் வருத்தங்களைக் கேட்டு எழுதுவதைப்போலச் சம்பளமும் நன்றியும் இல்லாத தொழில் வேறு இல்லை. வீட்டுக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்து, வருகிற படிவமெல்லாம் நிரப்பிக் கொடுக்கும் சக தொழிலாளர்களே, இது உங்களுக்குத்தான் விளங்கும்.

என் தம்பி ஆரனுக்கு ஆறு வயதில் லுகேமியா வந்தது. இரத்தப் புற்றுநோய். மருந்து நன்றாகக் கேட்கிறது என்று டொக்டர்மார் சொன்னார்கள். ஆனால் அது அவனுடைய இரத்தத்தில் தானாகத் தொடங்கியதா, பரம்பரையாக வந்ததா என்றும் பார்க்க வேண்டுமாம். அவனை மயக்கி எலும்பு மச்சை எடுத்த நேரமே, பரம்பரையென்றால் தோலிலும் இருக்கும் என்று அங்கேயும் ஒரு பொட்டளவு எடுத்தார்கள். எங்களிடம் கேட்டது குடும்பத்தின் வருத்தப் பட்டியல். போனில் அழாமல் கதைக்கக்கூடிய ஒரே ஆள் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. வயது பதினாறு. படிப்பு சுமார். யாருடைய குரலிலும் பேசுவேன், அம்மாவின் குரலில் விசேஷமாக. பள்ளிக்கூட அலுவலகத்தைக் கேட்டால் சொல்வார்கள், அங்கே அம்மா பலமுறை எனக்கு லீவு கேட்டிருக்கிறா.

வட்டமும் சதுரமும்

மரபணுப் பிரிவில் ஹெலன் என்றொரு ஆலோசகர். மூக்கால் பேசுவா, ஒவ்வொரு வசனத்தையும் கேள்விபோல மேலே தூக்கி முடிப்பா. ஐந்து நிமிடத்தில் அந்தக் குரல் என் கைக்குள் வந்துவிட்டது. பெரிய தாளில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். அப்பாவிடம் சகோதரங்கள் எத்தனை என்று கேட்டா. அப்பா விரல் விட்டு எண்ணி, பதினொன்று என்றார். பெரியப்பாவின் பெடியள், சித்தப்பாவின் பெடியள், பெரியம்மாவின் பெடியள் எல்லாரும் அவருக்கு அண்ணன் தம்பிதானே. நான் வேண்டுமென்றே திருத்தவில்லை.

பிறகு அம்மாவும் அப்பாவும் சொந்த மச்சாள், மச்சான் என்று தெரிந்ததும் ஹெலன் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோட்டுக்குப் பதிலாக இரண்டு கோடு போட்டா. இரத்தச் சொந்தம் என்பதற்கு அடையாளமாம். அம்மா அந்த இரண்டு கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தா. ஹெலனோ அப்பாவின் சதுரங்களையும் பிறந்த மாதங்களையும் திரும்பத் திரும்ப எண்ணிவிட்டுப் பேனையை வைத்தா: "ஒரே தாய், ஒரே வருஷம், நாலு வேறு மாதங்களில் நாலு பிள்ளைகள். இதை எனக்கு யாராவது விளங்கப்படுத்துவீங்களா?"

ட்ருகனினாவில் வருத்தமே இல்லை

அப்பாவின் சொந்த அண்ணர், பெரியப்பா, இந்த வெளிநாட்டு நகரத்தின் ஓரத்தில் ட்ருகனினா என்ற இடத்தில் இருக்கிறார். நான் குறிப்பெழுதக் கொப்பியோடு போனபோது கதிரையில் சாய்ந்திருந்து, கிழமை நாள் எழுதின குளிசைப் பெட்டியில் வியாழக்கிழமையைத் திறந்துகொண்டிருந்தார். "எங்கட பக்கத்திலை ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை. எழுது" என்றார். ஐந்து குளிசை தண்ணீரோடு உள்ளே போனது. இதெல்லாம் என்ன பெரியப்பா என்றேன். "இது வருத்தம் வராமல் இருக்கப் போடுறது."

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதும்போதுதான் அவர் சொன்னார்: "உன்ர அம்மாவின்ர பக்கத்தை விசாரி. அவவின்ர தமையன் ஒருத்தன் ஏழு வயசிலை காய்ச்சலிலை போனவன் எல்லோ." என் பேனை நின்றது. சிறு வயதில் காய்ச்சலோடு இறந்தவர்கள் யாரும் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள் என்று ஹெலன் தனியாகக் கோடு போட்டுத் தந்திருந்தா. அந்தக் காய்ச்சல் லுகேமியாவாக இருந்தால்? அவர் உங்களுக்கும் சொந்த மச்சான்தானே என்று கேட்டேன். பெரியப்பா தண்ணீர்க் கிளாசைக் கீழே வைத்தார்: "ஓம், சொந்தந்தான். ஆனா அந்தப் பக்கம்."

குசினியில் நடந்த வழக்கு

வீட்டுக்கு வந்து கேட்டேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. தனக்கு அப்போது மூன்று வயதாம், சின்னண்ணையின் முகமே நினைவில்லையாம். வேறு நகரத்தில், நார்த்மீட்டில் இருக்கும் தன் அக்காவிடம் இரண்டு தரம் கேட்டாவாம். தன் மகளுக்குக் கலியாணம் பேசுகிற நேரத்தில் இதெல்லாம் தாளில் ஏற்றாதே என்று பெரியம்மா போனை வைத்துவிட்டாவாம்.

அந்த இரண்டு கோடு போட்ட நாளிலிருந்து அம்மா அப்பாவோடு சரியாகக் கதைக்கவில்லை. கோபமாக்கும் என்று நினைத்திருந்தேன். வெங்காயத்தோடு வெங்காயமாக அழுதபடி சொன்னா: "எல்லாரும் வேண்டாம் எண்டவை. மச்சானைத்தான் கட்டுவன் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டது நான்தானே. இப்ப அந்தாளின்ர முகத்தை எப்பிடிப் பாக்கிறது?"

நார்த்மீட்டுக்கு ஒரு அழைப்பு

அடுத்தநாள் அம்மா போனை வீட்டில் மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனா. நான் அதை எடுத்து, அம்மாவின் பெருமூச்சை முதலில் விட்டு, அம்மாவின் குரலில் தொடங்கினேன். "அக்கா, பிள்ளைக்காகக் கேக்கிறன். சின்னண்ணைக்கு என்ன நடந்தது?"

அங்கே ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு பெரியம்மா மெல்லச் சொன்னா. காய்ச்சல் இல்லை. பாம்பு. பின்னேரம் கோழி அடைக்கத் தன்னை அனுப்பினார்களாம். எழும்பப் பஞ்சிப்பட்டு, தனக்குப் பதிலாகத் தம்பியை அனுப்பிவிட்டாவாம். பாம்பு என்று சொன்னால் சின்னதுகள் பின்வளவுப் பக்கமே போகாதுகள் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் என்றே சொல்லி வைத்தார்களாம். கலியாணப் பேச்சு, சொல்லாமல் தப்ப ஒரு சாட்டாம்.

பாம்புக்கடி பரம்பரையாக வராது! எனக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் அம்மாவின் குரல் என் வாயிலிருந்து நழுவி, சொந்தக் குரலில் "தாங்ஸ் பெரியம்மா" என்றுவிட்டேன். செத்தேன் என்று நினைத்தேன். அங்கிருந்து மூக்குச் சிந்தும் சத்தம்: "முதல் சொல்லிலையே தெரியும் நீதானெண்டு. அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வராது, அதுதான் உனக்குச் சொன்னனான். போய் நீயே அவளின்ர குரலிலை அவளுக்குச் சொல்லு."

எந்தப் பக்கம்?

மூன்று கிழமை கழித்து ஹெலன் கூப்பிட்டா. விலகி இருக்க வேண்டிய இரண்டு மரபணுத் துண்டுகள் ஒட்டிக்கொண்டதுதான் பிழையாம். அது லுகேமியா பிடித்த இரத்தக் கலங்களில் மட்டும் இருக்கிறதாம். தோலில் இல்லை. பரம்பரையாக வரக்கூடியவை என்று தேடிப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. மருந்துக்கு நன்றாக மடிகிற வகையாம். இன்னும் இரண்டு வருஷம் மருந்து இருக்கிறது, ஆனால் பாதை தெளிவு. அப்பா மூன்று தரம் கேட்டார், அப்ப எந்தப் பக்கம் என்று. மூன்று தரமும் ஹெலன் ஒரு பக்கமும் இல்லை என்றா.

அம்மா என் கையைப் பிடித்து, வேறு யாரையாவது கட்டியிருந்தால் என்று கேட்கச் சொன்னா. அப்போதும் இது வந்திருக்கலாம், இதற்கும் உங்கள் கலியாணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்றா ஹெலன். நான் அதை மூக்கால், மேலே தூக்கி, ஹெலனின் குரலிலேயே தமிழாக்கினேன். ஹெலனே சிரித்துவிட்டா. அம்மா சிரித்து, அழுது, அப்பாவின் தோளில் முகத்தை வைத்தா. மொட்டைத் தலையில் தொப்பியோடு இருந்த ஆரன் எல்லாரையும் மாறிமாறிப் பார்த்தான்: "இந்த வருத்தத்தை ஒருத்தரும் எனக்குத் தரேல்லையெண்டா, அம்மா ஏன் நான் நித்திரை எண்டு நினைச்சு ஒவ்வொரு நாளும் எனக்கு சொறி, மன்னிச்சுக்கொள் எண்டு சொன்னவ?"

இப்போது நான் என் சொந்தக் குரலில் போன் எடுத்தாலும் சொந்தக்காரர் ஒருவரும் நம்புவதில்லை. இந்தத் தொழிலிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக ஓய்வு பெற்றவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.