இன்னொரு காது

கணினித் திரையை அணைத்துவிட்டு நீங்கள் எப்போதாவது ஒரு கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? கடிதம்கூட வேண்டாம், ஒரு பத்தி. அதன் நடுவில் ஏதோ பிழை இருக்கிறதாம், திருத்தச் சொல்கிறார்கள். எந்த இடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

கண்ணாயிரம் ஒவ்வொரு மாலையும் அப்படித்தான் வேலையைத் தொடங்குகிறார். அலுவலகத்திலிருந்து வந்து சட்டை மாற்றுவார். தேநீர்க் கோப்பையை மேசையின் இடது மூலையில் வைப்பார். கணினியை இயக்கித் திரையை மட்டும் அணைப்பார். பிறகு காதுக்குழாய்க் கம்பியின் சிக்கெடுத்து, ஒரு முனையை இடது காதில் செருகிக்கொள்வார். மற்ற முனை பக்கத்து நாற்காலியின் முன்னால் மேசைமேல் கிடக்கும். அந்த நாற்காலியில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

கண்ணாயிரம் அவருடைய பெயர் அல்ல. பார்வையில்லாத அக்கா, பார்வையுள்ள தம்பிக்கு வைத்த கேலிப் பெயர். வீட்டில் எந்தப் பொருளையும் அக்காதான் கண்டெடுத்துக் கொடுப்பாராம். "ஆயிரம் கண்ணு இருந்து என்னடா பண்றது, எதிர்ல இருக்கிற சீப்பு தெரியல உனக்கு."

ஆளைப் பார்த்தால் எதுவும் தோன்றாது. ஒல்லி உடம்பு, முன்வழுக்கை, தோளில் எப்போதும் ஒரு பை. பகலில் ஒரு பார்சல் நிறுவனத்துக்குக் கணினி நிரல் எழுதுகிறார். எந்த அறைக்குள் நுழைந்தாலும் "நான்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நுழைவார். அலுவலகத்தில் அதற்காகவே அவரைக் கிண்டல் செய்கிறார்கள். "தெரியுதுப்பா, எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்பார் பக்கத்து இருக்கைக்காரர். பார்வையில்லாதவரோடு வளர்ந்தவரின் மரியாதை அது. வெறும் வீட்டின் கதவைத் திறக்கும்போதும் இன்னும் அதைச் சொல்கிறார்.

அக்கா ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பிழை திருத்துபவராக இருந்தார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள், வாடகை ஒப்பந்தம், இயந்திரக் கையேடு என்று எல்லாம் அவர் காதைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருளை வைத்துக்கொண்டு வேலை செய்தார். அந்தக் குரல் ஓடும் வேகத்தில் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது, தகரக் கூரைமேல் ஆலங்கட்டி விழுவதுபோல் இருக்கும். அக்கா அதில் ஓர் எழுத்து தவறினாலும் கையை உயர்த்தி நிறுத்துவார்.

பிறகு அலுவலகம் வேலைமுறையை மாற்றியது. அதுவரை அக்காவிடம் தொலைபேசியில் சொல்லிவந்த திருத்தங்களை, பக்கத்தின் ஓரத்தில் சிறு பெட்டிகளாக எழுதத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்தியது யாரும் இணையத்திலிருந்து காசில்லாமல் இறக்கிக்கொள்ளக்கூடிய, யாரும் உள்ளே புகுந்து மேம்படுத்தக்கூடிய ஓர் அலுவலக மென்பொருள். உலகெங்கும் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதுவது. நல்ல மென்பொருள்தான். ஆனால் அக்காவின் திரைவாசிப்பான் அதில் பக்கத்தைப் படித்தது, ஓரத்தில் இருந்த பெட்டிகளை, அவை இல்லவே இல்லை என்பதுபோலக் கடந்து போனது.

"மார்ஜின்ல அவ்வளவு தெளிவா எழுதியிருந்தோமே, பார்க்கலையா நீங்க?" என்று கேட்டாராம் மேலாளர்.

"பார்க்கலை சார். பன்னெண்டு வயசிலேர்ந்து நான் எதையும் பார்க்கலை."

அடுத்த மாதம் அவருக்கு வேலை இல்லை.

துக்கம் விசாரிப்பதுபோல வந்த சித்தி, போன பிறவிப் பாவம் என்றார். கூட வந்தவர்கள் விதி என்றார்கள். எனக்கு இந்த இரண்டு சொற்களையும் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். விதியாவது, மண்ணாங்கட்டியாவது. அந்த மென்பொருளில் ஒரு வசதி இல்லை. அதை எழுதியவர்கள் எல்லோருக்கும் கண் தெரிந்ததால், அது இல்லாதது ஒருவர் கண்ணிலும் படவில்லை. மனிதர் விட்ட குறை, மனிதர் சரிசெய்யக்கூடிய குறை. அதைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கலாம், இல்லையா?

கண்ணாயிரம் தூங்கப் போகவில்லை. அந்த வசதியை எழுத உட்கார்ந்தார். ஒரு விசையை அழுத்தினால் ஓரக்குறிப்பிலிருந்து அடுத்த ஓரக்குறிப்புக்குத் தாவ வேண்டும். எழுதியது யார், எந்தச் சொல்லைப் பற்றி, என்ன சொல்கிறார் என்று குரல் சொல்ல வேண்டும். இன்னொரு விசையை அழுத்தினால் விட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். கேட்க எளிது. எழுத ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று.

முதல் வடிவத்தைச் சோதித்த மாலையில் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாராம். திரையில் குறிப்பு மேலேயும் எழுதியவர் பெயர் அதன் கீழேயும் இருக்கும். கண்ணால் பார்த்த வரிசையிலேயே கண்ணாயிரமும் எழுதிவிட்டார்.

"ஏன்டா, திட்டி முடிச்சப்புறமா யாரு திட்டினதுன்னு சொல்லுவாங்க? யாருன்னு தெரிஞ்சாத்தானே வாங்கிக்கலாமா, திருப்பிக் குடுக்கலாமான்னு முடிவு பண்ண முடியும்?"

பெயர் முன்னால் வந்தது. அதோடு அக்கா ஒரு சட்டமும் போட்டார். "வெளிச்சத்த அணைச்சிட்டு வந்து உட்காரு. அப்பத்தான் நாம ரெண்டு பேரும் ஒண்ணு." தம்பி ஏமாற்றுகிறாரா என்று கண்டுபிடிக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. புறங்கையைத் திரையின் முதுகில் வைத்துப் பார்ப்பார். சூடாக இருந்தால் அன்றைக்குத் தேநீர் போடுவது தம்பியின் வேலை.

அப்படித்தான் வளர்ந்தது அந்த வசதி. ஒரே கம்பி, ஆளுக்கொரு காது, இருட்டுத் திரை. அக்கா குறை சொல்லச் சொல்ல, தம்பி திருத்தத் திருத்த.

எழுதியதை அப்படியே மென்பொருளில் சேர்த்துவிட மாட்டார்கள். வேறு நாட்டில் இருக்கும் ஒரு பெண்மணி, அவரும் சம்பளமில்லாத் தன்னார்வலர், வரி வரியாகப் படித்துக் கேள்வி கேட்பார். கேட்டதைத் திருத்தி அனுப்பினால் இன்னொரு கேள்வி வரும். அக்காவுக்கு அந்தப் பெண்மணியைப் பிடித்துப்போயிற்று. "மாமியார் மாதிரி நோண்டுறா. ஆனா நியாயமா நோண்டுறா."

கேள்விகள் குறைந்துகொண்டே வந்த சமயத்தில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நுரையீரலுக்குள் இறங்கியது. மருத்துவமனைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு, "அவ என்ன கேட்டிருக்கா, படிடா" என்றாராம். தம்பி படித்துக் காட்டினார். பதில் எழுதி அனுப்புமுன் அக்கா இறந்துபோனார்.

மேலாளரின் குறிப்புகளை ஒருமுறையாவது தானே தேடிப் பிடித்துக் கேட்டு, அதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல ஒரு பதில் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. அது நடக்கவில்லை.

அந்தப் பெண்மணி கடைசியாகக் கேட்டிருந்தது இதுதான்: நிரல் நன்றாக இருக்கிறது, திரைவாசிப்பானை அன்றாடம் நம்பி வாழும் ஒருவர் இந்த இறுதி வடிவத்தைச் சோதித்து ஒரு வரி எழுதட்டும், சேர்த்துவிடலாம்.

"நீயே பார்த்துட்டேன்னு போட்டுடேன். இல்லன்னா அக்கா பேர்லயே போடு. யாரு வந்து கேட்கப் போறா?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். கெட்ட மனிதர் அல்ல, நண்பருக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னார்.

"நான் திரைய அணைச்சா, முடியலன்னா திரும்பப் போட்டுக்கலாம். அவளால முடியாதே. அது எப்படி ஒண்ணாகும்?" என்றார் கண்ணாயிரம். "அவ பேர்ல பொய் எழுதினா, புறங்கைய வச்சுக் கண்டுபிடிச்சிடுவா."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

பார்வையற்றோர் சங்கம் ஒன்றுக்குப் போனார். வாசலிலேயே "நான்தான் வந்திருக்கேன்" என்று சொன்னதில் அவர்களுக்கு அவரைப் பிடித்துவிட்டது. செயலாளர் உட்காரவைத்துப் பேசினார்.

"எங்க ஆளுங்களுக்கு போன் எடுக்கிற வேலை குடுப்பாங்க தம்பி. திருத்துற வேலை யாரு குடுக்கிறா? நீங்க சொல்ற பெட்டிய நாங்க யாரும் தொட்டதே இல்ல. தொடாதத சரியா தப்பான்னு எப்படிச் சொல்றது?"

உட்கார்ந்து சொல்லித் தருகிறேன் என்றார் கண்ணாயிரம்; தெரியாத வேலைக்குச் சான்று எழுத அங்கே ஒருவரும் முன்வரவில்லை.

கவனியுங்கள். வசதி இல்லாததால் வேலை தருவதில்லை. வேலை இல்லாததால் சோதிக்க ஆள் இல்லை. சோதிக்க ஆள் இல்லாததால் வசதி வரப்போவதில்லை. இந்த வட்டத்தைப் போட்டது எந்தத் தெய்வம்? நாம்தான் போட்டோம், நாம்தான் அழிக்க வேண்டும்.

மென்பொருளின் அடுத்த பதிப்புக்கான கடைசித் தேதி நெருங்குகிறது. அதற்குள் அந்த ஒரு வரி வராவிட்டால், அசையாமல் கிடக்கும் மற்ற முன்மொழிவுகளோடு இதையும் மூடிவிடுவார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அது அங்கே வழக்கம். மூடிவிட்டால் எந்த ஊரிலோ இன்னொரு மேலாளர் இன்னொருவரிடம் "பார்க்கலையா நீங்க?" என்று கேட்பார்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நான் உட்காரப் போன நாற்காலியை மெதுவாக நகர்த்திவிட்டு, உள்ளேயிருந்து வேறொன்று கொண்டுவந்து போட்டார். திரையை அணைத்தார். கொஞ்சம் பொறுத்துப் புறங்கையால் அதன் முதுகைத் தொட்டுப் பார்த்தார். இடது காதில் ஒரு குழாயைச் செருகிக்கொண்டார். மற்றதைத் துணியால் துடைத்து, காலி நாற்காலியின் முன்னால், உட்காருபவர் கை நீட்டினால் எட்டும்படி வைத்தார்.

திரைவாசிப்பானோடு வாழும் ஒருவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். திருத்துகிற வேலை செய்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பெட்டி எப்படி இருக்கும் என்று கண்ணாயிரம் உட்கார்ந்து சொல்லித் தருவார். இந்தப் பத்திரிகையின் முகவரிக்கு எழுதினால் அவரிடம் சேர்ப்பது என் பொறுப்பு. ஒருவேளை அந்த ஒருவர் நீங்களாகவே இருந்து, இதை இப்போது யாரோ படிக்கக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து வாருங்கள். அந்தக் குழாயை எடுத்துக் காதில் வையுங்கள். குறை இருந்தால் திட்டுங்கள், ஆனால் முதலில் யாரென்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள்.