ஜொவிட்டாவும் நீர்க்காகங்களும்

சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜொவிட்டாவுக்கு நகை ஆசை கிடையாது, புடவை ஆசை கிடையாது. சனிக்கிழமை விடிந்தால் அடையாறு கடலில் சேரும் இடத்துக்குப் போய்த் தூண்டில் போட வேண்டும். கூடவே கணவன் ஸ்டீவும் வருவான். பட்டினப்பாக்கம் பக்கம், உடைந்த பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, கருங்கல் மேல் உட்கார்ந்து முள்ளில் இறாலைக் குத்தி வீசுவார்கள். கல்யாணமான புதிதில் பிடித்த பழக்கம்.

அப்போதெல்லாம் கொடுவா மாட்டும், கெளுத்திக்குக் குறைவே இருக்காது. சில வருடங்களாக எல்லாம் போயிற்று. ஆற்றில் சாக்கடை கூடிவிட்டது, முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு கடல் மீன் உள்ளே வர வழியில்லை என்றார்கள் சிலர். பக்கத்துக் கல்லில் தூண்டில் போடும் ராயப்பேட்டைத் தையல்காரர் குலாம் ரசூல் பாய் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பாலத்தின் தூண்கள் மேல் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்த நீர்க்காகங்களைக் காட்டினார்.

"அத்தினியும் துன்னுட்டுப் போவுது பாரும்மா. நமக்கு இன்னா மிச்சம் கீது?"

ஜொவிட்டாவுக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவள் காலையெல்லாம் உட்கார்ந்து வெறும் முள்ளை இழுப்பாள். அந்தக் கறுப்புப் பறவை ஒரு முங்கு முங்கி வாயில் வெள்ளியாக மின்னும் மீனோடு வெளியே வரும். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும்.

அது போதாதென்று ஸ்டீவ் அந்தப் பறவைகள் பக்கமே சாய்ந்தான். தூண்டில் அசையாத ஒரு காலையில் நீர்க்காகம் மீனைத் தூக்கிப் போட்டு விழுங்குவதைப் போனில் படம் பிடித்தான். படம் எப்படியோ மயிலாப்பூரில் பறவை பார்க்கிறவர்களின் குழுவுக்குப் போனது. அதை நடத்தும் நீரஜா, "பிரமாதம் ஸ்டீவ் சார்" என்று பாராட்டினாள். அடுத்த மாதமே சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போய்ப் பழைய கேமரா ஒன்று வாங்கிவந்தான். அவன் தூண்டில் பரணுக்குப் போனது.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் அதே ஆற்றின் எதிர்க்கரையில் நின்றான். நீரஜாவின் சிவப்புத் தொப்பியும் அவன் வெள்ளைத் தொப்பியும் சேர்ந்து குனிவதும் நிமிர்வதும் இங்கிருந்தே தெரியும். ஜொவிட்டா மிதவையைப் பார்த்ததைவிட அந்தத் தொப்பிகளைப் பார்த்ததுதான் அதிகம்.

வீட்டிலும் பறவைப் பேச்சுதான். "இதோட கண்ணப் பாரு ஜொவி, மரகதம் மாதிரி பச்சை."

"என் கண்ணு இன்னா கலருன்னு கேட்டா சொல்லுவியா நீ?"

அவன் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனான்.

தீபாவளி முடிந்த வாரம். எதிர்க்கரையில் பறவைக் குழுவினர் நீர்க்காகங்களை எண்ண வந்திருந்தார்கள். ஜொவிட்டா பையிலிருந்து மிச்சமிருந்த சரவெடியை எடுத்துக் கல் இடுக்கில் வைத்துப் பற்றவைத்தாள். குலாம் ரசூல் பாய் காதைப் பொத்திக்கொண்டார். தூண்களில் இருந்த பறவைகள் மொத்தமும் கறுப்பாக எழும்பிக் கடல் பக்கம் போயின. எதிர்க்கரையில் தொப்பிகள் அங்குமிங்கும் ஓடின. அவளுக்கு மனசு குளிர்ந்தது.

ஸ்டீவ் பெரிய பாலத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தான்.

"யாரு வெடி போட்டது?"

"நான்தான்."

அவன் வாயைத் திறப்பதற்குள் தண்ணீர் ஓரத்தில் படபடவென்று சத்தம். யாரோ அறுத்துப் போட்ட தூண்டில் நரம்பில் கால் சிக்கி ஒரு நீர்க்காகம் கவிழ்ந்து கிடந்தது. ஸ்டீவ் துண்டைப் போட்டு அதைப் பிடித்தான். அலகு கைக்கு எட்டாமல் பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு கொத்து வாங்கினான். ஜொவிட்டா கழுத்தைப் பக்குவமாகப் பிடித்து, இறால் வெட்டும் கத்தியால் நரம்பை அறுத்தாள். பயத்தில் பறவை தின்றதையெல்லாம் கல்லின் மேல் கக்கிவிட்டு, தத்தித் தண்ணீரில் விழுந்து பறந்தது.

கக்கியதை அவள் விரலால் புரட்டிப் பார்த்தாள். எல்லாமே விரல் நீள ஜிலேபி மீன். ஒரு கொடுவாக் குஞ்சு இல்லை, கெளுத்தி இல்லை.

"இந்தப் பொடிய நான் புடிச்சாலே திருப்பித் தண்ணியிலதான் போடுவேன்" என்றாள். ஒரு பறவை கக்கியதை வைத்து எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்ல முடியாதுதான். ஆனாலும் மீன் இல்லாததற்குத் திட்ட இத்தனை நாள் இருந்த ஆள் கையை விட்டுப் போனமாதிரி இருந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்குப் பொறாமையா இருக்கு ஸ்டீவ்."

"பறவை மேலயா?"

"பறவை மேல, அந்தம்மா தொப்பி மேல, உன் கேமரா மேல. மீன் வராட்டாலும் முன்னல்லாம் பக்கத்துல நீ இருந்த."

ஸ்டீவ் கையில் கசிந்த ரத்தத்தைத் துடைத்தான். "வெறும் பையோட வீட்டுக்குப் போறது எனக்கு அசிங்கமா இருந்திச்சு ஜொவி. அங்க போனா ஏதாவது கிடைக்குது. படமாவது."

அதற்குள் நீரஜா போனில் கூப்பிட்டாள். ஜொவிட்டா வாங்கி, "பறவை பொழச்சிக்கிச்சு. வெடி போட்டது நான்தான், இனிமே போட மாட்டேன்" என்றாள். காயம் ஏதாவது உண்டா என்று நீரஜா விசாரித்தாள். பிறகு, "ஒரு நாள் நீங்களும் எங்களோட வாங்களேன்" என்றாள் நீரஜா. "எனக்கு இந்தக் கரை போதும்" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது ஸ்டீவ் ஒரு சனிக்கிழமை இந்தக் கரை, ஒரு சனிக்கிழமை அந்தக் கரை. நீரஜாவை ஜொவிட்டாவுக்கு இன்னும் பிடிக்கவில்லை. பிடித்ததாக நடிப்பதும் இல்லை. மீனும் பெருகவில்லை. மழை முடிந்து முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்ட பிறகு மட்டும், ஒரு காலை, முழங்கை நீளக் கொடுவா ஒன்று மாட்டியது. அது ஸ்டீவ் எதிர்க்கரைக்குப் போயிருந்த வாரம்.

மத்தியானம் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தவன் முகம் போன போக்கு!

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல? எத்தினி வருஷமா இதுக்காகக் காத்துக்கினு இருந்தேன்!"

"நீதான் பறவை பாத்துக்கினு இருந்தியே" என்று சொல்லி, பெரிய துண்டாகப் பார்த்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டாள் ஜொவிட்டா.