ஐந்து மில்லிமீட்டர் சந்து

நீ பொய் சொன்னாய். வாயைத் திறந்து சொல்லவில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் மூடிக்கொண்டு சொன்னாய். கல்லூரியில் எம்.இ. படித்த இரண்டு வருடமும் நாம் வாங்க, போங்க என்றுதான் பேசிக்கொண்டோம். இப்போது நீ என்று எழுதுகிறேன். அந்த மரியாதைக்கு இனி வேலையில்லை.

படிப்பவர்களுக்காக விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விமானம் இறங்கும்போது இறக்கையின் முன்னால் ஒரு சின்னத் துண்டும் பின்னால் ஒரு மடலும் வெளியே நீளும். நடுவே மெல்லிய சந்து விடும். அந்தச் சந்தில் பாயும் காற்றுதான், வேகம் குறைந்த பிறகும் விமானத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தொண்ணூறுகளின் நடுவில், கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில், அந்தக் காற்று எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் புராஜெக்ட். அதே இறக்கையை மரத்தில் செய்து, விசிறியால் காற்றைப் பாய்ச்சும் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளப்பது உன் புராஜெக்ட். இரண்டும் ஒத்துப்போனால்தான் என் கணக்கு நிற்கும்.

கம்ப்யூட்டர் அறையில் ஏசி உண்டு, செருப்புக்கு அனுமதி கிடையாது. வாசலில் என் செருப்புக்குப் பக்கத்தில் உன் செருப்பு கிடக்கும். இறக்கையின் ஒரு கோணத்துக்குக் கணக்கு முடிய முக்கால் நாள் ஆகும். நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து. உனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. இருந்தும் வந்து உட்கார்ந்துகொள்வாய்.

"ஏனுங்க, உங்க காத்து இன்னும் இறக்கையத் தாண்டலீங்களா? பஸ்ஸுல ஏத்தி உட்டிருந்தா இந்நேரம் போத்தனூரே போயிருக்குமுங்க."

"கிண்டல் பண்றதுன்னா வெளிய போங்க."

போக மாட்டாய். போய்விடக் கூடாதே என்று நானும் திரையைப் பார்த்தபடி இருப்பேன். இன்றும் ஏசி அறை வாசலில் என்னையறியாமல் செருப்பைக் கழற்றிவிடுகிறேன். பக்கத்தில் ஒரு ஜோடி கிடக்கிறதா என்று பார்க்கிறேன். வெட்கக்கேடுதான்.

முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இறக்கையை இருபது டிகிரி நிமிர்த்தினாலும் காற்று ஒட்டியே ஓடும் என்றது என் கணக்கு. உன் சுரங்கத்தில் பதினாலிலேயே பிய்த்துக்கொண்டது.

"கம்ப்யூட்டர் சொல்லிட்டா ஆச்சுங்களா அம்மணி? எங்க உட்டுப் போகோணும்னு காத்துக்குத் தெரியாதா?" என்றார் துறைத் தலைவர். வகுப்பே சிரித்தது. நான் என் புரோகிராமை மூன்று மாதம் வரி வரியாகத் துழாவினேன். தப்பு அகப்படவில்லை.

வைவாவுக்கு நாலு நாள் இருக்கும்போது உன் மாடலின் மடலில் விரிசல் விட்டது. அதைச் சரிசெய்ய உன்னோடு கணபதி ஏரியாவுக்கு வந்தேன். வார்ப்படத்துக்கு மர அச்சு செய்யும் பட்டறையில்தான் இறக்கையின் மூன்று துண்டுகளையும் செய்யக் கொடுத்திருந்தாய். அவற்றைப் பூட்டும் இரும்புத் தகடு வேறொரு லேத்தில் செய்தது. பட்டறைக்கார பாய் மடலின் மேல் தன் ஸ்கேலை வைத்தார். நான் பையிலிருந்த என் ஸ்கேலை அதற்குப் பக்கத்தில் வைத்தேன். அவருடையது கொஞ்சம் நீளமாக இருந்தது.

"பாய், உங்க ஸ்கேலு தப்புங்க."

"தப்பில்லீங்க அம்மணி. ஊத்துன அலுமினியம் ஆறுனாச் சுருங்குமில்லீங்களா? அதுக்குத் தக்கன சேர்த்துப் போட்ட ஸ்கேலுங்க. எங்க பட்டறைல வேற ஸ்கேலே கெடையாது."

"இதைய வார்க்கலீங்க. மரமாவேதான் வெச்சுக்கறோம்."

அவர் உன்னைப் பார்த்தார். "அதைய மொதல்லயே சொல்லோணுமில்லீங்களா தம்பி? மரத்தை மரமாவே வெச்சுக்கறேன்னு இதுவரைக்கும் இங்க ஒருத்தரும் வந்ததில்லீங்க."

துண்டுகள் பெரிதாகிவிட்டன. இரும்புத் தகட்டில் அவற்றைப் பூட்டும் துளைகள் மட்டும் வரைபடத்தில் உள்ள இடத்திலேயே இருந்தன. ஐந்து மில்லிமீட்டர் இருக்க வேண்டிய சந்து இரண்டாகியிருந்தது. காற்று போக வழியில்லை. என் கணக்கு சரி. பட்டறை என்றும் பாராமல் அங்கேயே அழுதேன்.

திரும்பும்போது பஸ்ஸில் நீ சொன்னாய்: "மாடல் என்னுதுங்க. வைவால நானே சொல்லிப்போடறேன். நீங்க ஒண்ணும் பேசாதீங்க." சரி என்றேன். அதைவிட நல்ல வார்த்தையை அதுவரை யாரும் என்னிடம் பேசியதில்லை.

வைவாவில், ஏன் ஒத்துப்போகவில்லை என்று தேர்வாளர் கேட்டார். நீ குனிந்து உன் புது ஷூவைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். சொல்வாய், இதோ சொல்வாய் என்று காத்திருந்தேன். கணக்கு நம்பத் தகுந்ததல்ல என்று அவர் எழுதி முடித்துவிட்டார். வெளிநாட்டில் உனக்கு இடம் கிடைத்த கடிதம் அந்த வாரம்தான் வந்திருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே போனாய்.

அந்தச் சந்தை இரண்டு மில்லிமீட்டராக வைத்து மறுபடி கணக்கை ஓட்டினேன். பதினாலில் பிய்த்துக்கொண்டது. கிராஃப் தாளில் என் கோடு உன் கோட்டின் மேல் அப்படியே படுத்தது. "முடிஞ்சதுங்க, உடுங்க அம்மணி" என்றார் துறைத் தலைவர். நம்பத் தகாத கணக்கோடு எவனும் விமான வேலை தரவில்லை. பம்பு கம்பெனியில் சேர்ந்து தண்ணீர் ஓடுவதற்குக் கணக்குப் போட்டேன். தண்ணீர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அது காற்று இல்லை. பீளமேட்டில் விமானம் இறங்கும்போதெல்லாம் மடலும் சந்தும் தெரிகிறதா என்று இன்னும் அண்ணாந்து பார்க்கிறேன்.

நம் கல்லூரியில் அதே துறையில் நீ பேச வருவதாக அழைப்பிதழ் வந்திருக்கிறது. கம்ப்யூட்டர் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்பது தலைப்பாம். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். இரண்டு கோடும் ஒன்றாய்ப் படுத்த அந்தத் தாள் கையில் இருக்கும். கூட்டம் முடிந்து தனியாக வந்து சமாதானம் சொல்லாதே. சொன்னால் மன்னித்துத் தொலைப்பேன், எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்து, அத்தனை பேர் முன்னாலும் பதில் சொல்: உன் மாடலில் அந்தச் சந்து எத்தனை மில்லிமீட்டர்?