கங்காணி அல்ல, மச்சான்

ஓர் ஓவியத்தின் முன்னால் நீங்கள் கடைசியாக முழுசாகப் பத்து நிமிடம் நின்றது எப்போது? யோசித்துக்கொண்டிருங்கள். ஸ்டெபி இப்போது நாற்பதாவது நிமிடத்தில் இருக்கிறாள். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் அழுத்தி நிற்கிறாள். "ஏசிய காலு வழியாவும் வாங்கிக்கிடணும்ளா" என்று தோழி ரம்யாவுக்கு விளக்கம் வேறு.

தூத்துக்குடியில், துறைமுகத்துக்குப் போகும் வழியில், பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றை வெள்ளையடித்து நகர ஓவியக்கூடம் ஆக்கியிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு ஐம்பது ரூபாய். புதன்கிழமை இரண்டு மணிக்கு மேல் அடையாள அட்டை காட்டும் மாணவர்களுக்கு மட்டும் இலவசம். வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஸ்டெபிக்குப் புதன் பிற்பகலில் வகுப்பு கிடையாது. இந்த நகரத்துக்கு ஒரு கலை விமர்சகர் கிடைத்தது இப்படித்தான்.

ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசில்லை, அதனால் நடை. உச்சிவெயிலில் ஒரே குடைக்குள் இரண்டு பேர். உள்ளே காபி நாற்பது ரூபாய் என்பதால் இருவரும் அதன் வாசனையோடு திருப்தியடைகிறார்கள். அறுநூறு ரூபாய் விலை போட்ட ஓவிய விளக்கப் புத்தகத்தின் மாதிரிப் பிரதி ஒன்று, விற்பனை மேசையில் நூல் கட்டிக் கிடக்கிறது. ஸ்டெபி வாரத்துக்கு இரண்டு பக்கம் வாசிக்கிறாள். "பதினோரு வாரத்துல இருபத்திரண்டு பக்கம் முடிச்சிட்டேன். டிகிரி முடிக்கதுக்குள்ள புக்கும் முடிஞ்சிரும்."

சுவரில் இருப்பவர்களுக்கெல்லாம் அவள் பெயர் வைத்திருக்கிறாள். கன்னத்தில் கை ஊன்றிய வெள்ளைக்கார அதிகாரி 'பல்வலி துரை'. அவரைக் கடக்கும்போதெல்லாம், "இன்னிக்கி எப்படியிருக்கு துரை? கிராம்பு வச்சுப் பாத்தீயளா?" என்று நலம் விசாரிப்பாள். அதற்காகவே வருபவள் ரம்யா.

ஆனால் ஸ்டெபி நங்கூரம் போடுவது ஒரே ஓவியத்தின் முன்னால்தான். யார் வரைந்தது என்று தெரியாத முத்துக்குளிப்பு ஓவியம். ஒரு வள்ளம். விளிம்பில் கால் ஊன்றி ஒருவன் நிற்கிறான். அவன் கையிலிருந்து கயிறு தண்ணீருக்குள் இறங்குகிறது. ஆழத்தில் மங்கலாக ஓர் உடல். கீழே அட்டை சொல்கிறது: 'முத்துக்குளிக்கும் கூலியும், அவனைக் கண்காணிக்கும் கங்காணியும்.'

பல்வலி துரைக்கு நான்கு வரி அட்டை இருக்கிறது. பட்டம், பதவி, பிறந்த ஊர் எல்லாம் உண்டு. கடலடியில் மூச்சடக்கியவனுக்குக் 'கூலி' என்று ஒரே சொல். சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் இந்த அட்டையையும் கொஞ்சம் சுரண்டிப் பார்த்திருக்கலாம்.

ஸ்டெபியின் அப்பா பர்னபாஸ் இன்றும் சங்கு குளிப்பவர். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குவார். அந்தக் குழாயையும் அவர் இடுப்புக் கயிற்றையும் படகில் பிடித்திருப்பவர் ஸ்டெபியின் தாய்மாமன் அமலன். குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோ பிடிப்பதுதான் அந்தக் கரையின் வழக்கம். "கயித்த விட்டா அவன் தங்கச்சி தாலியில்லா போவும்? அதான் மச்சான் கையில குடுக்கது" என்கிறாள் ஸ்டெபி. இதைப் புனிதம் என்று சொல்லித் தூபம் போட வேண்டாம். காப்பீடு தராத முதலாளிகளுக்குக் கீழே உழைத்தவர்கள், தங்கள் மூளையால் கண்டுபிடித்த காப்பீடு இது. அப்படிப்பட்டவனை அட்டை கங்காணியாக்கிவிட்டது. அதை மாற்றாமல் விடுவதில்லை என்று ஸ்டெபி நிற்கிறாள்.

கூடத்தின் அலுவலர் ஜீவமணி நல்ல மனிதர், கோப்பு மனிதரும்கூட. "நீ சொல்லுதது குடும்பக் கதம்மா. ஆதாரம் வேணும்லா?" என்றார். ஆதாரம் கேட்பது எனக்குப் பிடிக்கும். அட்டை எழுதியவரிடமும் யாராவது கேட்டிருந்தால் இன்னும் பிடித்திருக்கும்.

ஸ்டெபி அசரவில்லை. "கங்காணின்னா சிப்பிய எண்ணிக்கிட்டுல்லா நிப்பான்? இவன் கண்ணு தண்ணிக்குள்ள கெடக்கு. கயித்த மணிக்கட்டுல ரெண்டு சுத்து சுத்தியிருக்கான். அவ்ளோ அக்கறை கங்காணிக்கு ஏது சார்?"

போன புதன்கிழமை ஆதாரத்தை நேரிலேயே கூட்டி வந்துவிட்டாள். தேய்த்த சட்டையில் அமலன். அவர் மாணவர் இல்லை என்பதால் ஐம்பது ரூபாய். தோழிகள் ஆளுக்கு இருபத்தைந்து போட்டார்கள். நானும் அன்று அங்கே இருந்தேன். அமலன் கைகட்டி நின்று படத்தைப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"என்னளா இவன் இப்பிடி இறுக்கிச் சுத்தியிருக்கான்? கீழ இருக்கவன் இழுத்தா எப்பிடித் தெரியும்? கயித்த விரல்ல தொட்ட மாதிரில்லா வச்சிருக்கணும்!"

ஸ்டெபியின் முகம் வாடியது. அவளுடைய தலைசிறந்த ஆதாரத்தை மாமாவே வெட்டிவிட்டார்.

"அப்ப கங்காணிதாங்கீயளா?" என்றார் ஜீவமணி.

"கங்காணி எதுக்கு சார் இப்பிடிப் பயப்படுதான்? மூஞ்சியப் பாருங்க. இவன் மச்சான்தான். புது மச்சான். தங்கச்சிக்குக் கலியாணம் ஆயி ஒரு மாசங்கூட ஆயிருக்காது."

ரம்யா சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஸ்டெபிக்கு விக்கல் வந்தது. அமைதி காக்கச் சொல்ல ஓடி வந்த காவலாளியும் படத்தைப் பார்த்தார். "ஆமா, வேர்த்துக் கொட்டுதுல்லா" என்று அவரும் சேர்ந்துகொண்டார். ஜீவமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு, அந்த மனிதனை முதன்முறையாக முகம் பார்த்தார்.

"என்னால தனியா மாத்த முடியாதும்மா. பார்வையாளர் புத்தகத்துல எழுதுங்க. நூறு பேர் எழுதினா நிர்வாகக் குழுவுல நானே வைக்கேன்" என்றார்.

அங்கேயே மூன்று பேர் எழுதினார்கள். அமலன் கையெழுத்துக்குக் கீழே படகின் பதிவு எண்ணையும் போட்டார்.

இன்று அந்தப் புத்தகத்தைப் பார்த்தேன். பதினேழு ஆகியிருக்கிறது. மணி நாலரை. வாசலுக்குப் போகிற வழியில், பார்வையாளர் புத்தகம் இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டெபி நிற்கிறாள். வெளியேறும் ஒவ்வொருவரிடமும் மூடி திறந்த பேனாவை நீட்டுகிறாள். முன்னால் போனவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். நீட்டிய கை மடங்கவில்லை. அடுத்த புதன்கிழமை வாருங்கள். அந்தப் படத்தைப் பாருங்கள். பிறகு அவள் கையிலிருந்து பேனாவை வாங்கி ஒரு வரி எழுதுங்கள்.